நாலாவது கை

"போலீஸ்ல சிரிச்சாங்க," என்றார் நோலா பிரிட்சர்ட். "ரோட்டுல மாடு நிக்குதுன்னு யாரோ பொய் சொல்லியிருக்கான், இதுக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடறதுன்னு கேட்டான் அந்த கான்ஸ்டபிள்."

இவோன் கார்மடி சிரிக்கவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நோலா அறுபதைத் தாண்டியவர். சேறு படிந்த ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறும் சாக்ஸோடு உள்ளே வந்திருந்தார். அப்படி வருகிறவர்கள் பொழுதுபோகாமல் துப்பறியும் அலுவலகத்துக்கு வருவதில்லை.

"ஆரம்பத்திலேர்ந்து சொல்லுங்க."

"போன செவ்வாய்க்கிழமை ஷயர் கவுன்சில் கூட்டம். நாங்க ஏழு பேர் உறுப்பினர். கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மாத்தணும்னு மேயர் தீர்மானம் கொண்டு வந்தார். ஜனங்க கேள்வி கேக்கணும்னா ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் குடுக்கணும்னு அதுலயே ஒரு வால்."

"மத்தியானம்னா நல்லதுதானே? சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடலாம்," என்றான் ஸ்டாவ். இவோனின் உதவியாளன். கீழ்த்தளத்து மீன் வறுவல் கடைக்காரரின் மகன். வயது முப்பதாகியும், வாடகை தரும் இவோனைவிடத் தானே இந்த அலுவலகத்துக்கு முதலாளி என்று நினைப்பவன்.

"ரெண்டு மணிக்கு யார் தம்பி வர முடியும்? இறைச்சி ஆலையில ஷிஃப்ட் நாலு மணிக்குத்தான் முடியுது. எங்கள மாதிரி பால் பண்ணைக்காரங்க மூணு மணிக்கு கறவைக்கு நிக்கணும். ரிட்டயர் ஆனவங்களும் கடை முதலாளிங்களும்தான் வருவாங்க. எந்த ரோடு போடணும், எந்த வரி ஏத்தணும்னு அவங்களே பேசி அவங்களே முடிச்சுக்குவாங்க."

"ஓட்டு எப்படி இருந்துச்சு?"

"ஆதரிச்சு மேயரைச் சேர்த்து மூணு கை. எதிர்த்து நாலு விழுந்திருக்கணும். அந்த நாலாவது கை என்னுது. தீர்மானத்தைப் படிக்க ஆரம்பிச்ச நேரம், வரவேற்பு மேஜையில இருக்கற ட்ரிஷ் வந்து காதுல சொன்னா. கேட் திறந்து கிடக்காம், மாடுங்க ஹைவேல நிக்குதாம், யாரோ போன் பண்ணாங்களாம். ஓடினேன். ஒரு மாடும் ரோட்டுல இல்ல. திரும்பி வர்றதுக்குள்ள மூணுக்கு மூணு ஆகி, மேயர் தன்னோட தலைவர் ஓட்டையும் சேர்த்துப் போட்டு முடிச்சுட்டார்."

இவோன் பேனாவை உருட்டினாள். "இந்தத் தெரு எந்த உறுப்பினர்கிட்ட வருது? அவர் எந்தப் பக்கம்? முதல்ல அவரைப் பார்த்துப் பேசறேன்."

நோலா நாற்காலியை ஓரடி முன்னே இழுத்துக்கொண்டார்.

"இந்தத் தெரு என்னுதும்மா," என்றார்.

ஸ்டாவ் கூரையைப் பார்த்தான். இவோனுக்குக் காது மடல் சூடாகியது. மெல்பர்ன் போலீஸ் வேலையை விட்டு இந்தக் குல்லரா ஊருக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தேர்தல் உறை தபாலில் வரும். ஓட்டுப் போடாவிட்டால் விழும் அபராதத்துக்குப் பயந்து, முதலில் இருக்கும் பெயருக்கு நேரே '1' என்று எழுதி அனுப்பிவிடுவாள். அந்த முதல் பெயர் யாருடையது என்று பார்த்ததில்லை.

"கேஸை எடுத்துக்கறேன்," என்றாள் அவசரமாக.

ஷயர் அலுவலகத்தில் ட்ரிஷ் அழாத குறையாக இருந்தாள்.

"ஆம்பளைக் குரல். வாயில துணியை வச்சுக்கிட்டுப் பேசின மாதிரி இருந்துச்சு. இந்தப் பழைய போன்ல நம்பரெல்லாம் வராது. நான் பாட்டுக்குப் போய் நோலாகிட்ட சொல்லிட்டேன்."

"உள்ள இருந்தவங்க யாராவது வெளிய ஒருத்தனுக்கு மெசேஜ் தட்டியிருக்கலாம்ல?"

"முடியாது. உள்ள போறப்ப எல்லாரும் போனைக் கூடையில போட்டுட்டுப் போகணும். மேயரோட ரூல். கூடை என் மேஜை மேலதான் இருந்துச்சு."

"பார்வையாளர் வரிசையில?"

"காலி."

"ஒருத்தர்கூட இல்லையா?"

"இருந்தா நாற்காலியில தூசி இருக்குமா?" என்றாள் ட்ரிஷ்.

"கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம்," என்றான் ஸ்டாவ். இவோன் அவன் காலை மிதித்தாள்.

"அந்தத் தீர்மானம் நிகழ்ச்சி நிரல்ல எத்தனாவது?"

"கடைசி. ஆனா மேயர் கூட்டம் ஆரம்பிச்ச உடனே அதை முதல்ல எடுத்துட்டார்."

இவோன் நிமிர்ந்தாள். நிரலைப் பார்த்துவிட்டு போன் செய்தவனாக இருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் செய்திருப்பான். இவன் தீர்மானம் படிக்கப்பட்ட அந்த நிமிஷமே செய்திருக்கிறான். கூட்டத்துக்குள்ளும் இல்லை, கூட்டத்தில் நடப்பதும் தெரிந்திருக்கிறது.

"உள்ள நடக்கறதை வெளியிலேர்ந்து கேக்க வழி இருக்கா?"

"நேரடி ஒலிபரப்பு இருக்கே. நான்தான் பட்டனை அழுத்துவேன். எத்தனை பேர் கேக்கறாங்கன்னு திரையில ஓரமா நம்பர் வரும்."

"அன்னிக்கு எவ்வளவு?"

"ஒண்ணு."

"ஒண்ணா?" ஸ்டாவ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "எங்கப்பா கடையில மீன் வறுபடறதை நேரடியா காட்டினாக்கூட நாலு பேர் பார்ப்பானுங்க!"

"எப்பவும் ஒண்ணுதான். நாங்க அதுக்கு 'நம்ம ரசிகர்'னு பேரே வச்சிருக்கோம். ஒரு மாசம்கூடத் தவறவிட்டதில்ல, பாவம்."

வெளியே வந்ததும் ஸ்டாவ் விரலைச் சொடுக்கினான். "நிரலை மாத்தினது மேயர். லாபம் மேயருக்கு. அந்த ரசிகர் மேயரோட ஆள். முடிஞ்சுது பாஸ். நான் போய் உருளைக்கிழங்கு வறுக்கட்டுமா?"

"வறுக்கலாம். முதல்ல மேயரை."

மேயர் நெவில் ஹார்ட் தன்னுடைய இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். இவோன் கேள்வியைச் சுற்றி வளைக்கவில்லை.

"நிரலை ஏன் மாத்துனீங்க?"

"நோலா கேட்டா, அதனால."

இவோன் இதை எதிர்பார்க்கவில்லை.

"வாசல்ல நின்னு கேட்டா. விடிகாலையில கறவைக்கு எழுந்திரிக்கணும் நெவில், இதை முதல்ல எடுத்துட்டா சீக்கிரம் போவேன்னா. சரின்னேன். எதிர்த்து ஓட்டுப் போடப் போறவளுக்கு உதவி பண்ணேன், போதுமா?"

"அவங்க எழுந்து போனதும் நிறுத்தியிருக்கலாமே?"

"தலைவர் நாற்காலியில உக்காந்துக்கிட்டு என் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாதும்மா. ஒருத்தர் ஒத்திவைக்கணும்னு முன்மொழியணும், இன்னொருத்தர் வழிமொழியணும். கேட்டேன். பதிவு இருக்கு, கேட்டுக்கங்க."

ஸ்டாவ் தன் போனில் பதிவைத் தேடிப் போட்டான். மேயரின் குரல் வந்தது. *உறுப்பினர் பிரிட்சர்ட் திரும்பி வரும்வரை ஒத்திவைக்க யாராவது முன்மொழிகிறீர்களா?* அதன்பின் ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு ஸ்பூன் கோப்பையில் நிதானமாகச் சுற்றியது. *இல்லை. ஓட்டுக்கு விடுகிறேன்.*

"நோலா பக்கம் இருந்த மூணு பேரும் அங்கதானே இருந்தாங்க?"

"எங்க போவாங்க? ரெக்ஸ் டூலிதான் டீயைக் கலக்கிக்கிட்டு இருந்தான். ஒரு வார்த்தை போதும். அடுத்தவன் சொல்வான்னு ஆளாளுக்கு உக்காந்திருந்தாங்க." மேயர் தராசிலிருந்து ஆணிகளைக் கொட்டினார். நிமிரவில்லை. "நானும் யோக்கியன் இல்ல. சமமா வந்தா இருக்கறதை மாத்தாத பக்கம்தான் தலைவர் ஓட்டைப் போடணும், அதுதான் வழக்கம். எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன். அந்தக் காலி நாற்காலிங்களைப் பார்த்துப் பார்த்து, யாருக்காக ராத்திரி வரைக்கும் விளக்கை எரிக்கறோம்னு வெறுத்துப்போச்சு. ஆனா மாட்டை வச்சு போன் பண்ற அளவுக்கு நான் இறங்கல."

கடையை விட்டு வெளியே வந்ததும் ஸ்டாவ் வண்டிச் சாவியை எடுத்தான், ஆனால் கதவைத் திறக்கவில்லை.

"பாஸ், நான்கூட அங்க இருந்திருந்தா டீயைத்தான் கலக்கியிருப்பேன்."

"வண்டியை எடு," என்றாள் இவோன். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிரிட்சர்ட் பண்ணையில் நோலாவே கேட்டுக்கு வந்து காட்டினார்.

"கேட் நிஜமாவே திறந்துதான் கிடந்துச்சு. மாடுங்கதான் வெளிய வரல."

"அன்னிக்கு மத்தியானக் கறவைக்கு அப்புறம் மாடுங்களை எங்க விட்டீங்க?"

"இதோ, ரோட்டோர வயல்ல."

"நீங்க திரும்பி வந்தப்ப?"

நோலா கொஞ்சம் தயங்கினார். "பின்வயல்ல இருந்துச்சுங்க."

இவோன் இரண்டு வயலுக்கும் நடுவே இருந்த உள் கேட் வரை நடந்தாள். ஸ்டாவ் பின்னாலேயே வந்து, புதுச் சாணத்தில் கச்சிதமாகக் காலை வைத்தான்.

"பாரு ஸ்டாவ். அவங்களைப் பிடிக்காத ஒருத்தன் கேட்டைத் திறந்து விடுவான். சரி. ஆனா மாடுங்களை முதல்ல பின்வயலுக்கு ஓட்டிட்டு, இந்த உள் கேட்டுக்குச் சங்கிலியும் போட்டுட்டு, அப்புறம் போய் வெளி கேட்டைத் திறப்பானா?"

"ரொம்ப நல்ல எதிரி பாஸ். திருடன் வந்தாலும் இவனை மாதிரி வரணும். பீரோவை உடைச்சுட்டு வீட்டைப் பெருக்கிட்டுப் போவான்." செருப்பைப் புல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னவன் சட்டென்று நிறுத்தினான். "அந்நியன் கூப்பிட்டா இந்த மாடுங்க போகுமா?"

இவோன் திரும்பி நோலாவைப் பார்த்தாள். நோலா அங்கே இல்லை. கன்றுக்குட்டிகளுக்குப் பால் வைக்கவேண்டும் என்று காற்றில் சொல்லிவிட்டு, வாளியோடு கொட்டகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் நடையில் ஒரு வேகமும் இல்லை.

கறவைக் கொட்டகையில் அவர் கணவர் லெஸ் குழாய் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒல்லியான, கூச்சமான மனிதர். வந்தவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. கறப்பவர் நின்று வேலை செய்யும் கறவைக் குழிக்கு மேலே, காதுக்கு எட்டும் உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போன் ஒன்று கம்பியில் தொங்கியது.

"வேலை செய்யறப்ப பாட்டு கேப்பீங்களோ?" என்றாள் இவோன்.

"பாட்டெல்லாம் பிடிக்காது."

"அப்ப வேற என்ன கேப்பீங்க?"

குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் ஓடியது. ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடம்.

"மாசம் தவறாம கேக்கற அந்த ஒரே ஆள் நீங்கதானே, லெஸ்?"

அவர் குழாயை மூடினார்.

"மூணு வருஷமா கேக்கறேன்," என்றார். "அவ பேசறதை ஒண்ணு விடாம கேட்டிருக்கேன். நல்லாத்தான் பேசறா. யாருக்காகப் பேசறாளோ அவனுங்க ஒருத்தன் வர்றதில்ல. வீட்டுக்கு வந்து தொண்டை கட்டி உக்காந்திருப்பா. விடிகாலையில மறுபடி கறவை. மத்தியானத்துக்கு மாத்திட்டா அவளால போக முடியாது. தானா விட்டுடுவான்னு நினைச்சேன்."

"அவங்க நல்லதுக்குன்னு சொல்றீங்க."

"அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அவர் கைகளைப் பேண்ட்டில் துடைத்தார். மறுபடி துடைத்தார். "பப்ல ஒரு நாள் கூட்டத்துப் பதிவைப் போட்டாங்க. அவ பேசப் பேச ஒருத்தன் மாடு மாதிரி கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க." அவர் குரல் கீழே போயிற்று. "நானும் சிரிச்சேன். அவ புருஷன்னு தெரியக்கூடாதேன்னு இல்ல, எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவ குரலைக் கேக்கறப்பல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டுச்சு. அது நிக்கணும்னுதான் போன் பண்ணேன். அவளுக்காக இல்ல."

கதவருகே வாளி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. நோலா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் இவோன்.

"அன்னிக்கே தெரியும். உள் கேட்டுச் சங்கிலியை ரெண்டு சுத்து சுத்தி, கொக்கியை உள்பக்கமா மாட்டியிருந்துச்சு. அப்படி மாட்டற ஆளோடதான் நான் குடும்பம் நடத்தறேன்."

"அப்புறம் எதுக்கு என்னைத் தேடி வந்தீங்க?"

"வேற யாராவதா இருக்கணும்னு," என்றார் நோலா. "நான் பார்த்தது தப்புன்னு நீங்க சொல்லிடணும்னு."

லெஸ் ஒரு அடி எடுத்து வைத்தார். நோலா கையைக்கூடத் தூக்கவில்லை; பார்த்தார், அவ்வளவுதான். அவர் நின்றுவிட்டார்.

"அடுத்த கூட்டத்துல அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி நோட்டீஸ் குடுத்திருக்கேன்," என்றார் நோலா, இவோனிடம். "புது நேரம், புது விதி எல்லாம் அதுக்கு அடுத்த கூட்டத்திலேர்ந்துதான் அமலுக்கு வருது. நான் ஏன் பாதியில எழுந்து போனேன்னு கேப்பாங்க. ஏதோ ஒரு பதில் சொல்லணும். பொய் சொல்லிப் பழக்கமில்ல, கத்துக்கணும் போல இருக்கு."

கண்டுபிடிப்பதற்குத்தான் இவோனுக்குச் சம்பளம். கண்டுபிடித்துவிட்டு இப்படி நிற்பதற்கு யாரும் அவளைப் பழக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு இவோன் போனாள். அந்த மண்டபத்துக்குள் அவள் கால் வைப்பது அதுவே முதல் தடவை. முன் இரண்டு வரிசை நிரம்பியிருந்தது. இறைச்சி ஆலைக்காரர்கள் வெள்ளை பூட்ஸோடு வந்திருந்தார்கள். பப் கும்பலும் ஒரு ஓரத்தில் இருந்தது. ஸ்டாவ் தன் அப்பா கடையில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், கூட்டத்தில் ஏதோ நடக்கப்போகிறது என்று வாயை விட்டிருந்தான்.

"நியாயம் கேக்க வந்திருக்காங்களா?"

"வேடிக்கை பார்க்க வந்திருக்காங்க பாஸ். வந்தாங்கல்ல?"

பொதுமக்கள் கேள்வி நேரம் என்று மேயர் அறிவித்தார். வழக்கம்போல ஒரு கணம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக இருந்தவர் நின்றார். கடைசி வரிசையில் லெஸ் பிரிட்சர்ட் எழுந்து நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

நோலாவின் முகம் வெளிறியது. அவருக்கு இது தெரியாது என்பது இவோனுக்குப் புரிந்தது.

"பெயர், முகவரி, கேள்வி. பேச்சு கூடாது," என்றார் மேயர்.

"லெஸ் பிரிட்சர்ட். பழைய பாலம் ரோடு." தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டார். "போன கூட்டத்துல உறுப்பினர் பிரிட்சர்ட் ஏன் பாதியில எழுந்து போனாங்கன்னு இந்தச் சபைக்குத் தெரியுமா?"

"அவருக்கு ஒரு பொய்த் தகவல் வந்தது என்பது சபைக்குத் தெரியும்."

"துணைக் கேள்வி. அந்தப் பொய்யைச் சொன்னது அவங்க புருஷன்னு சபைக்குத் தெரியுமா?"

பப் கும்பலில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"தெரியாது," என்றார் மேயர் மெதுவாக. "இப்போது தெரியும்."

லெஸ் உட்கார்ந்தார். எப்படியோ சரிசெய்துவிட்டோம் என்ற ஒரு சின்ன நிம்மதி அவர் முகத்தில் வந்தது. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

ரத்துத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டதும் நோலா எழுந்தார்.

"தலைவர் அவர்களே, இந்த விஷயத்துல இப்ப என் வீட்டுக்காரரோட நடத்தையும் வந்துடுச்சு. சொந்த நலன் இருக்கற உறுப்பினர் ஓட்டெடுப்புல இருக்கக்கூடாதுன்னு விதி. நான் வெளிய போறேன்."

"நோலா, வேண்டாம்," என்றார் ரெக்ஸ் டூலி பதறிப்போய். "நீ போனா மறுபடி மூணுக்கு மூணு—"

"எண்ணத் தெரியும் ரெக்ஸ்."

அவர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். கடைசி வரிசையைத் தாண்டும்போது திரும்பவில்லை. கதவு சாத்திக்கொண்டது. லெஸ் தொப்பியை இரண்டு கையாலும் நசுக்கிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னபோதும் நோலா எழுந்து போனார். உண்மை சொன்னபோதும் எழுந்து போனார்.

ரெக்ஸ் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். ஆதரிப்பவர்கள் என்றதும் மூன்று கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் என்றதும் இரண்டு. மேயரின் கை மேஜை மேலேயே கிடந்தது.

"தலைவர் தன் ஓட்டைச் சொல்லவில்லை," என்று நினைவூட்டினார் செயலாளர்.

மேயர் கதவைப் பார்த்தார். பிறகு நிரம்பியிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

"ஆதரவு," என்று சொல்லிக் கையைத் தூக்கினார். "கூட்டம் சாயங்காலமே நடக்கும்."

யாரும் கைதட்டவில்லை. தட்டுவதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. ட்ரிஷ் போய் நோலாவை அழைத்து வந்தாள். அவர் தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து மழைநீர் வடிகால்தானே என்றார்.

"கேஸ் முடிஞ்சுது பாஸ். கிளம்பலாமா?"

"உக்காரு."

"வடிகாலுக்கா?"

"வடிகாலுக்குத்தான்."

வடிகால் முடிந்து, நாய் உரிமம் முடிந்து, நூலகத்துக் கூரையும் முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது கோடை வெளிச்சம் இன்னும் போகவில்லை. வாகன நிறுத்தத்தில் பிரிட்சர்ட்களின் பழைய டிரக் நின்றது. பின்தட்டில் அவர்களுடைய மாட்டு நாய் படுத்திருந்தது. முன் கதவருகே லெஸ் காத்துக்கொண்டிருந்தார்.

நோலா சாவியை எடுத்தார்.

"நீ பின்னாடி ஏறு," என்றார்.

லெஸ் பின்தட்டில் ஏறி, நாயின் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படிகளில் நின்றிருந்த ஊர் முழுக்கப் பார்த்தது.

வண்டி கிளம்பியது. வாசலில் இருந்த பள்ளம் வந்ததும், பின்னால் இருப்பவர் குலுங்கிவிடாதபடி நோலா வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒடித்து, மெல்ல இறக்கி ஏற்றிப் போனார்.